பதினெட்டு அங்குல வழி

இரண்டு வருடங்களுக்கு முன்னால் கோடையில் மாமா எங்கள் வீட்டுக்கு லீட்ஸ் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. தென்மாவட்டத்தில் ஒரு மீட்டர்கேஜ் ஷெட்டில் கிளீனராக வேலைக்குச் சேர்ந்து, இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன் என்று பல வருடம் கரி அள்ளிப் போட்டு, அப்புறம் டீசலுக்கு மாறி, எக்ஸ்பிரஸ் டிரைவராக ஓய்வு பெற்றவர். அவரை யார்க் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று டிக்கெட் போட்ட நாளிலிருந்தே நினைத்திருந்தேன். லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், உள்ளே போகக் கட்டணமும் கிடையாது. முக்கியமாக மல்லார்டை அவருக்குக் காட்ட வேண்டும். உலகிலேயே வேகமாக ஓடிய நீராவி எஞ்சின். பதினைந்து வயதில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த நீல எஞ்சின் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 126 மைல், 1938, ஜூலை 3. இந்த எண்களை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாமா அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான அந்தச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டைப் படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன்: 1938 ஜூலை 3 அன்று இந்த எஞ்சின் நீராவி இழுவையில் மணிக்கு 126 மைல் என்ற உலகச் சாதனை வேகத்தை எட்டியது. அவ்வளவுதான் அதில் இருப்பது. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேரு ஒண்ணும் போடலையா மாப்ள? ஓட்டினது யாரு, கரி போட்டது யாரு?" என்று கேட்டார். டிரைவர் பெயர் எனக்குத் தெரியும், ஜோசப் டடிங்டன் என்றேன். "சரி, ஃபயர்மேன்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த எஞ்சினின் கொதிகலன் அழுத்தம் தெரியும், அது கட்டப்பட்ட டான்காஸ்டர் தொழிற்சாலை தெரியும், இரட்டைப் புகைபோக்கி வைத்ததன் காரணம் தெரியும். மூன்றரை அடி தூரத்தில் நின்று அந்த நெருப்பை வளர்த்தவனின் பெயர் தெரியாது. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்த எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி அன்றைக்கு ராத்திரி வரை, அதற்கப்புறமும் பல மாதம், முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

தாமஸ் பிரே

அவர் பெயர் தாமஸ் பிரே. வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடியது அதைத்தான். பெயர் கிடைத்த பிறகு அந்த ஓட்டத்தை முழுக்க இன்னொரு தடவை படித்தேன், இந்த முறை கரி போடுகிறவன் பக்கத்திலிருந்து. அப்படிப் படித்தால் கதையே வேறு மாதிரி இருக்கிறது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே சொன்ன காரணம் பிரேக் சோதனை. எஞ்சினுக்குப் பின்னால் வேகத்தையும் இழுவிசையையும் காகிதச் சுருளில் பதிவு செய்யும் அளவைப் பெட்டி ஒன்று, அதற்குப் பின்னால் ஆறு பயணிகள் பெட்டிகள், மொத்தம் சுமார் 240 டன். கிராந்தம் வரும்போது அங்கே தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது, அதனால் மணிக்கு 24 மைலுக்கு இறங்க வேண்டியிருந்தது. சாதனைக்குப் போகிற வண்டிக்கு அதைவிட மோசமான இடத்தில் வேகக்கட்டுப்பாடு வர முடியாது, ஏனென்றால் அங்கிருந்து ஸ்டோக் உச்சி வரை ஏற்றம். அந்த ஏற்றத்தை ஏறி முடிக்கும்போது மல்லார்டின் வேகம் மணிக்கு 74 மைல். இறக்கத்தில் 126 தொட்டதை எல்லோரும் சொல்கிறார்கள். 24-இலிருந்து 74-க்கு ஏற்றத்தில் கொண்டுவந்தது யார்? டடிங்டன் நீராவியை எடுத்துக்கொண்டே இருக்க, எடுக்க எடுக்கக் குறையாமல் கொடுத்த பிரேயின் நெருப்பு.

இதை மாமாவிடம் போனில் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. "ஏத்தத்துல ஊசி இறங்காம பார்த்துக்கிட்டான்ல, அதான் வேலை" என்றார். ஊசி என்றால் அழுத்தமானியின் முள். கரியை எறியக் கூடாது, தூவ வேண்டும் என்பார். நெருப்புப் பெட்டியின் கதவுக்குக் கீழே இருக்கிற இரண்டு பின்மூலைகளைத்தான் புது ஆள் மறப்பான், அங்கே ஓட்டை விழுந்தால் குளிர்காற்று ஏறி நீராவி செத்துவிடும். புகை கரும்புகையாகப் போனால் கரி வீணாகிறது என்று அர்த்தம், டிரைவர் திரும்பியே பார்க்காமல் புகையை வைத்தே ஃபயர்மேனை எடைபோட்டுவிடுவார். எங்கள் ஊர் மீட்டர்கேஜ் எஞ்சின்களில் இரண்டு ஃபயர்மேன் உண்டு, ஒருவர் கரியை உடைத்து முன்னே தள்ள, ஒருவர் போட. பிரே தனியாள். அதுவும் அவ்வளவு வேகத்தில் ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டு.

லிட்டில் பைத்தம் தாண்டி இறக்கத்தில் 120, 122, 124 என்று ஏறி, கணநேரம் 126. வடிவமைத்த நைஜல் கிரெஸ்லியே அந்த 126-ஐ முழுசாக ஏற்கவில்லை, 125 என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1936 மே மாதம், ஹாம்பர்க்–பெர்லின் பாதையில் 05 002 என்ற ஜெர்மன் எஞ்சின் சமதளத்தில் மணிக்கு 200.4 கிலோமீட்டர் தொட்டிருந்தது. மல்லார்டின் வேகத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 203. இறக்கத்தில் ஓடியதைச் சமதளத்தில் ஓடியதோடு ஒப்பிடலாமா என்ற சண்டை இன்றுவரை உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் இப்போது ஆர்வம் போய்விட்டது. அந்த வேகத்தில் மல்லார்டின் நடு சிலிண்டருக்கான பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் விசையை அச்சுக்குக் கொடுக்கும் தண்டின் முனை, சூடேறி, உள்ளே இருந்த வெள்ளை உலோகம் உருகிவிட்டது. அது மறைவான இடம் என்பதால், சூடானால் உடைந்து சோம்பு வாசம் வீசும்படி ஒரு குப்பியை அதில் வைத்திருந்தார்கள். வாசம் வந்தது. மெதுவாக ஓட்டி பீட்டர்பரோ வரை கொண்டுவந்து அங்கே எஞ்சினைக் கழற்றிவிட்டு, மிச்ச தூரத்தை ஒரு பழைய எஞ்சின் இழுத்துப் போனது. மாமா அருங்காட்சியகத்தில் குனிந்து அடியில் பார்த்தது இதைத்தானாம். "நம்ம எஞ்சினுக்கு ரெண்டு சிலிண்டரும் வெளியே. நின்ன எடத்துல இறங்கிக் கையை வச்சுப் பார்த்துருவோம். உள்ளே வச்சா யாரு தொட்டுப் பார்க்கிறது?" என்றார். சோம்புக் குப்பியைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிற்காமல் போவது

இப்படி டடிங்டன், பிரே என்று ஆட்களைத் தேடத் தொடங்கியபோதுதான் 1928-க்கு வந்து சேர்ந்தேன். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்றால் பெரும்பாலும் 1934-இல் அந்தப் பெயர்கொண்ட எஞ்சின் மணிக்கு 100 மைல் தொட்டதுதான் பேசப்படும். அதே பெயரில் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு தினமும் காலை 10 மணிக்குக் கிளம்பும் ரயிலும் உண்டு. அந்த ரயில் 1928 மே 1 அன்று செய்ததில் வேகமே கிடையாது. 392.7 மைல், அதாவது 632 கிலோமீட்டர், எட்டு மணி மூன்று நிமிடம். சராசரி மணிக்கு 80 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்பதுதான் அதன் சாதனை.

ஏன் வேகமாகப் போகவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு பழைய ஒப்பந்தம் இருக்கிறது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு கிழக்குக் கரை வழியாக ஒரு பாதை, மேற்கு வழியாக ஒன்று. 1888-இலும் 1895-இலும் இரு தரப்பும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வெறித்தனமாகப் பந்தயம் ஓட்டின. அதற்கப்புறம் பயந்துபோய், பகல் வண்டிகளுக்கு எடின்பரோ வரை அட்டவணையில் எட்டேகால் மணி நேரத்துக்குக் குறைவாகப் போடக் கூடாது என்று பேசி முடித்துக்கொண்டார்கள். 1928-இலும் அது அமலில் இருந்தது. வேகத்தில் போட்டி போட முடியாது, அதனால் நிற்காமல் போவதில் போட்டி. ரயிலுக்குள் முடிதிருத்தும் கடைகூட வைத்தார்கள். மேற்குத் தரப்பு இதைக் கேள்விப்பட்டு, நான்கு நாள் முன்னதாகவே, ஏப்ரல் 27-இல், ஒரே ஒரு தடவை, தன் வண்டியை இரண்டாகப் பிரித்து எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நிற்காமல் ஓட்டிக் காட்டிவிட்டது. ஒரு நாள் ஓட்டுவது ஒன்று, கோடை முழுக்க தினமும் இரண்டு பக்கமும் ஓட்டுவது வேறு. கிழக்குத் தரப்பு செய்தது இரண்டாவது.

தினமும் ஓட்ட என்ன வேண்டும்? தண்ணீருக்கு வழி ஏற்கெனவே இருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள், ஓடுகிற எஞ்சின் அகப்பை மாதிரி ஒன்றை இறக்கி மொண்டுகொண்டே போகும். வழியில் ஆறு இடங்களில் அப்படி. கரிக்கு, எஞ்சினுக்குப் பின்னால் கோத்த, ஒன்பது டன் கொள்ளும் டெண்டர் என்ற வண்டி. முந்தின வருடமே நியூகாசில் வரை 268 மைல் நிற்காமல் ஓட்டியிருந்தார்கள். அதற்குமேல் இழுக்க எஞ்சினால் முடியும், மனிதனால் முடியாது. எட்டு மணி நேரம் ஒருவன் தொடர்ந்து கரி போட முடியாது. ஒருவன் அவ்வளவு நேரம் சிக்னலை விட்டுக் கண்ணெடுக்காமலும் இருக்க முடியாது. வண்டியை நிறுத்தி ஆளை மாற்றினால் சாதனை இல்லை. ஓடும்போதே மாற்ற வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே கரியும் தண்ணீருமாக டெண்டர் மலை மாதிரி நிற்கிறது.

கிரெஸ்லி அந்த டெண்டரின் வலது ஓரத்தில் ஒரு வழி விட்டார். அகலம் 18 அங்குலம், உயரம் ஐந்தடி. பின்புறம் முதல் பெட்டியோடு துருத்தி வைத்து இணைப்பு. இரண்டாவது டிரைவரும் ஃபயர்மேனும் முதல் பெட்டியில் தங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் பயணிகளைப் போல உட்கார்ந்து வருவார்கள். பாதி வழியில், யார்க்குக்கு வடக்கே டாலர்டன் பக்கத்தில், எழுந்து அந்த இருட்டுச் சந்துக்குள் குனிந்து முன்னால் போவார்கள். ஓட்டி வந்த இருவரும் அதே சந்து வழியாகப் பின்னால் வந்து உட்காருவார்கள். மே 1 அன்று லண்டனிலிருந்து எடுத்தவர் ஆல்பர்ட் பிப்வொர்த், பாதியில் வாங்கியவர் பிளேட்ஸ். வண்டி பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே எடின்பரோ சேர்ந்தது.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவுக்கு வீடியோவில் சொன்னேன். அவர் 18 அங்குலத்திலேயே நின்றுவிட்டார். "பதினெட்டு அங்குலமா? எவ்வளவு நீளத்துக்கு?" டெண்டர் நீளத்துக்கு என்றேன். "ஐந்தடி உயரம்னா குனிஞ்சுதான் போகணும். எட்டு மணி நேர டூட்டியில பாதி பார்த்தவன் முதுகோட?" என்றார். அப்புறம் வேறு ஏதேதோ பேசி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தையின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. மாமா வீட்டு உள்ளறையில் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். நடுவில் டேப் வைத்து அளந்த படம் முதலில், சரியாகப் பதினெட்டு. அடுத்த படத்தில் மாமா அந்த இடுக்குக்குள் பக்கவாட்டாகத் திரும்பி, தலையைத் தாழ்த்தி, ஒரு கை முன்னால் நீட்டியபடி நிற்கிறார். கீழே அத்தை அனுப்பிய குரல் பதிவு: "உங்க மாமா காலையிலேர்ந்து நாலு தடவை போயிட்டு வந்துட்டார்ப்பா."

அந்தப் படத்தைப் பார்த்ததும் என்னால் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. காரணம், மாமாவுக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். கிரெஸ்லி அந்த வழியை வரைவதற்கு முன் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டு, அந்த இடுக்குக்குள் தானே நுழைந்து பார்த்தார் என்று சொல்வார்கள். கிரெஸ்லி நன்றாக உயரமும் பருமனுமானவர். அவர் போக முடிந்தால் எந்த டிரைவரும் போகலாம் என்பது கணக்கு. சர் பட்டம் வாங்கப்போகிற ஒரு தலைமைப் பொறியாளரும், ஓய்வு பெற்ற ஒரு மீட்டர்கேஜ் ஃபயர்மேனும், கிட்டத்தட்ட நூறு வருட இடைவெளியில், ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாமல், வீட்டுச் சாமானை நகர்த்திப் போட்டு ஒரே கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள். ஓட்டுகிறவன் உடம்பு இதற்குள் போகுமா?

அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டேன். நாற்காலிக் கதையைச் சொன்னேன். மாமா சிரித்தார், பிறகு இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒரு கூட்ஸ் வண்டி. மாலை ஆறு மணிக்கு சைன் ஆன், அதாவது டூட்டி ஆரம்பம். நடு ராத்திரிக்கு ஒரு ஜங்ஷனில் ஆள் மாற வேண்டும். ரிலீஃப் வரவில்லை. அடுத்த ஜங்ஷனில் வரும் என்றார்கள், அங்கேயும் இல்லை. மறுநாள் பகல் பதினோரு மணி வரை அதே டிரைவர், அதே இரண்டு ஃபயர்மேன்கள். ஒற்றைப் பாதை, அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான டோக்கன் வளையத்தை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஓடுகிற வண்டியிலிருந்து கையில் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் டிரைவர் சிக்னலைப் பார்த்து நிறத்தைச் சொல்வாராம், மாமா திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி. ஒரு கட்டத்தில் டிரைவர் சொன்னாரா தானே சொன்னோமா என்று மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, இறங்கி, சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "பச்சைதான் மாப்ள. ஆனா போய்ப் பார்த்துட்டுத்தான் ஏறினேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. "அந்தச் சந்து நல்ல யோசனை. பின்னால நமக்குன்னு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சாலே போதும்" என்றார்.

ரயில் சாதனைகளை நான் இத்தனை வருடமாக எண்களாகத்தான் படித்திருக்கிறேன். அதில் தப்பில்லை, எண்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். 1989-இல் அதே ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் எஞ்சின் ஆஸ்திரேலியாவில் பார்க்ஸிலிருந்து புரோக்கன் ஹில் வரை 679 கிலோமீட்டர் நிற்காமல் ஓடியது என்று படித்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் எந்தச் சாதனை பெரியது என்று யாராவது கேட்டால் என் பதில் மாறிவிட்டது. கணநேர 126-ஐவிட, தினமும் பாதி வழியில் நான்கு பேர் ஒரு இடுக்கில் இடம் மாறிக்கொண்ட அந்த எட்டு மணி நேரம்தான் எனக்குப் பெரியது. ஆள் களைத்துப் போவான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்கப்புறம் எஃகை வளைத்தார்கள்.

வெள்ளம் வந்த வருடம்

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 1948 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் பேய்மழை. பெர்விக்குக்கும் டன்பாருக்கும் நடுவே பாலங்கள் அடித்துக்கொண்டு போயின, கிழக்குக் கரைப் பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டது. லண்டன்–எடின்பரோ வண்டிகளை உள்நாட்டு வழியாக, கெல்ஸோ, காலஷீல்ஸ் என்று சுற்றிவிட்டார்கள். தூரம் 408 மைலுக்கு மேல் ஆகிவிட்டது, நடுவே ஃபாலாஹில் ஏற்றம் வேறு, எழுபதடிக்கு ஓரடி ஏறும். கடைசித் தண்ணீர்த் தொட்டி லக்கரில். அதற்கப்புறம் மொண்டுகொள்ள வழியே இல்லை. அதனால் நிற்காமல் ஓடிய வண்டியும் இனி வழியில் தண்ணீருக்கு நிற்கும் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் ஆகஸ்ட் 24 அன்று ஒரு குழு நிற்காமல் போய்ச் சேர்ந்தது. எஞ்சின் மல்லார்டின் உடன்பிறப்பு வகை, டெண்டரில் அதே பதினெட்டு அங்குலச் சந்து. மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து, ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள நின்ற எஞ்சினையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தங்கள் கைத்திறமையை மட்டும் நம்பி ஓட்டினார்கள். ஒரு தடவையோடு விடவும் இல்லை. பாதை சரியாவதற்குள் 17 தடவை அப்படி ஓடியிருக்கிறது. பிரிட்டனில் நீராவி எஞ்சின் நிற்காமல் ஓடிய மிக நீண்ட தூரம் அதுதான். இதைச் சொன்னபோது மாமா கேட்ட ஒரே கேள்வி, ஏற்றத்தில் கொதிகலனின் தண்ணீர் மட்டம் அளவுக் கண்ணாடியில் எங்கே நின்றிருக்கும் என்பது. அதற்குப் பதிலையும் அவரே சொன்னார்: "கீழ் நட்டுக்கு மேல ஒரு விரல் இருந்தா போதும், தெரிஞ்ச ஆளுக்கு."

போன மாதம் டாலர்டன் போயிருந்தேன். யார்க்கிலிருந்து காரில் இருபது நிமிடம். ஸ்டேஷன் 1965-லேயே மூடிவிட்டார்கள். சமவெளி, நேர்ப்பாதை, சுற்றிலும் வயல். பாதைக்கு மேலே போகும் சாலைப் பாலத்தில் நின்றுகொண்டு மாமாவைக் கூப்பிட்டேன். இந்த இடத்தில்தான் ஆள் மாறுவார்கள் என்று காட்டினேன். இங்கே இப்போது சாதாரணப் பயணிகள் வண்டிகளே மணிக்கு 125 மைலில் போகின்றன. கிரெஸ்லி ஒப்புக்கொண்ட அதே வேகம், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, உள்ளே காபி குடித்துக்கொண்டு ஆட்கள். தெற்கேயிருந்து ஒன்று வருவது தெரிந்தது. போனைக் கம்பிவேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சத்தம் வருவதற்குள் வண்டி அடியில் நுழைந்து வடக்கே போய்விட்டது.

திரையில் மாமாவைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். எதிரே வண்டி கடக்கும்போது எல்லாம் சரி என்று காட்டுவதற்காகக் கையை நீட்டுவார்கள் இல்லையா, அப்படி நீட்டி, போன வண்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.